வயதுக்கு முன்பே: இளம்பெண்களின் மாதவிடாய் நிறுத்தம் குறித்த ஒரு வரலாறு

மாதவிடாய் நிற்பதற்கு மருத்துவம் ஒரு தனிப்பெயர் வைத்து இருநூறு ஆண்டுகள்தாம் ஆகின்றன. 1816இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்ல் த கார்தான் கிரேக்கச் சொற்களை இணைத்து ஒரு பெயரை உருவாக்கினார். 1821இல் அதைச் சுருக்கி 'மெனோபாஸ்' ஆக்கினார். மாதம், நிற்றல் என்ற இரண்டு சொற்கள்தாம் அதில் உள்ளன. வயது எதுவும் அந்தப் பெயருக்குள் இல்லை. ஆனால் வயதைப் பற்றிய தீர்ப்பு வெகுகாலம் முன்பே எழுதப்பட்டிருந்தது. பன்னிரண்டில் தொடங்கி ஐம்பதில் முடியும் என்றது சுசுருத சம்ஹிதை. பெரும்பாலோருக்கு நாற்பதை ஒட்டி நிற்கும், சிலருக்கு ஐம்பதுவரை போகும் என்றார் அரிஸ்டாட்டில். இப்போது நம் வீடுகளில் வழங்கும் கணக்கு ஏறக்குறைய சுசுருதருடையதுதான்: "அம்பது வயசானா தானா நின்னுடும்."

அப்படியானால் முப்பத்தாறு வயதில் ஒருத்திக்கு இருபத்தெட்டு நாள் சுழற்சி இருபத்துநான்காகச் சுருங்கி, பிறகு ஒரு மாதம் தவறி, அடுத்தது ஐம்பதாம் நாள் வந்தால்? விடியற்காலை மூன்று மணிக்கு நைட்டி நனைந்து எழுந்து உட்கார்ந்தால்? காரணமில்லாமல் நெஞ்சு படபடத்து, உடலுறவு வலியாகி, நேற்றுவரை சுலபமாக நினைவுக்கு வந்த பெயர்கள் இன்று நாக்கு நுனியில் நின்றுவிட்டால்? அவள் கேட்கும் பதில்கள் நமக்கெல்லாம் மனப்பாடம். டென்ஷன். வெயிட் குறைங்க. இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தர்றேன். அவளே துணிந்து "மெனோபாஸா இருக்குமோ?" என்று கேட்டால், "இந்த வயசுல அதெல்லாம் வராது."

இந்தக் கடைசிப் பதில் அறியாமையால் மட்டும் வருவதில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இளம்பெண்ணின் சினைப்பையை மருத்துவம் ஒரு காலத்தில் தேவைக்கு மேல் கவனித்தது. பிறகு முற்றிலும் மறந்தது.

முதலில் சில விளக்கங்கள். நாற்பது வயதுக்கு முன் சினைப்பை தன் வேலையைக் குறைத்துக்கொண்டால் அதை இன்று 'முன்கூட்டிய சினைப்பைப் போதாமை' என்கிறார்கள். நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில் மாதவிடாய் நின்றால் அது 'முன்கூட்டிய மெனோபாஸ்.' நிற்பதற்கு முன்பு உடல் தடுமாறும் காலம் பெரிமெனோபாஸ். பொதுவாக நான்கு ஆண்டுகள், சிலருக்கு அதைவிடக் கூடுதலாகவும் நீளும். நாற்பதுக்கு முன் நிகழ்வது நூற்றில் ஒருவருக்கு என்று 1986இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஆய்வு ஒன்று சொன்னது. அந்த எண்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடப்புத்தகங்களில் இருந்தது. 2024இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, நூற்றுக்கு 3.5 என்கிறது. ஒரு வகுப்பில் நாற்பது மாணவிகள் என்றால் அவர்களில் ஒருத்திக்கேனும் இது நேரலாம். அபூர்வம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

இனி 1872க்குப் போவோம். அந்த ஒரே கோடையில், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல், மூன்று ஆண் அறுவை மருத்துவர்கள் ஒரே வேலையைச் செய்தார்கள். ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரில் ஆல்ஃபிரட் ஹேகார், இங்கிலாந்தில் பர்மிங்காமில் லாசன் டெய்ட், அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் ரோம் என்னும் சிற்றூரில் ராபர்ட் பேட்டி. மூவரும் பெண்ணின் வயிற்றைத் திறந்து இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்கள். இதில் பேட்டியின் பெயர்தான் நிலைத்தது, 'பேட்டி அறுவை' என்று. அந்தப் பெயரைப் பரப்பியவர் மேரியன் சிம்ஸ். அலபாமாவில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள்மீது மயக்கமருந்து கொடுக்காமல் மீண்டும் மீண்டும் கத்தி வைத்துத் தன் கைத்திறனை வளர்த்துக்கொண்ட அதே சிம்ஸ்தான்.

பேட்டி எடுத்தவை கட்டி வந்த சினைப்பைகள் அல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் அவர் அந்த அறுவைக்கு வைத்திருந்த பெயரே 'இயல்பான சினைப்பையை நீக்குதல்.' தாங்கமுடியாத மாதவிடாய் வலி, வலிப்பு, 'ஹிஸ்டீரியா', 'சினைப்பைப் பித்து' ஆகிய எல்லாவற்றுக்கும் மூலம் மாதாமாதம் வந்துபோகும் அந்த விலக்குதான் என்று அவர் நம்பினார். ஆகவே செயற்கையாக மெனோபாஸைக் கொண்டுவந்துவிட்டால் நோய் தீரும். இது நாம் பின்னால் கண்டுபிடித்த உள்நோக்கம் இல்லை. அறுவையின் நோக்கமே அதுதான் என்று அவரே எழுதினார். இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த பெண்களை ஒரே நாளில் ஐம்பது வயதுக்குத் தள்ளுவதுதான் சிகிச்சை.

அறுவை பரவியது. கிருமிநீக்க முறைகள் இன்னும் வேரூன்றாத காலம், பலர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் வேர்த்து, எரிந்து, உறக்கமிழந்து வாழ்ந்தார்கள். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்ணான எலிசபெத் பிளாக்வெல் இதைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் ஒருவர். 1906 வாக்கில் ஆண் மருத்துவர்களே சலித்துப்போனார்கள். சினைப்பையைக் குலதெய்வம்போல் வைத்து ஆடுகிறோம் என்று அவர்களில் ஒருவர் கட்டுரை எழுதினார்.

இந்தக் கதையைக் கொடுங்கோலரும் பலியானவர்களும் என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. எல்லாப் பெண்களும் இழுத்துச் செல்லப்பட்டவர்கள் அல்லர். மாதந்தோறும் தரையில் புரண்டு துடித்த பெண்கள் சிலர் தாமாகவே கேட்டு வந்தார்கள். வலிக்கு வேறு வழி எதையும் அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. 'அவளே சம்மதித்தாள்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு முன்னால் வேறு எத்தனை கதவுகள் திறந்திருந்தன என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. இது பின்னால் மறுபடியும் வரும்.

சினைப்பை வெறும் முட்டைக் கூடை அல்ல என்று மருத்துவம் கற்றுக்கொண்டது இந்தப் பெண்களின் உடலிலிருந்துதான். 1896இல் வியன்னாவில் எமில் க்னாவர் முயல்களின் சினைப்பையை எடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிவைத்துப் பார்த்தார். ஒட்டிய முயல்களுக்குக் கருப்பை சுருங்கவில்லை. ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் கலக்கிறது என்று புரிந்தது. அதே ஆண்டு பெர்லினில், சினைப்பை நீக்கப்பட்ட இளம்பெண்ணுக்குப் பசுவின் சினைப்பையைக் கொடுத்துப் பார்த்தார்கள், வெப்பம் தணிகிறதா என்று. இன்றைய ஹார்மோன் சிகிச்சையின் பூர்வீகம் இதுதான். அது முதலில் ஐம்பது வயதுப் பெண்ணுக்காக வரவில்லை. கத்தியால் வயது கூட்டப்பட்ட இளம்பெண்ணுக்கான ஈடாகத்தான் வந்தது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்த நூறாண்டு எவ்வளவு தலைகீழாகப் போனது என்பது விளங்கும்.

1923இல் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும் பன்றியின் சினைப்பை நீரிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்துக் காட்டினார்கள். 1929இல் அது படிகமாகக் கிடைத்தது. ஈஸ்ட்ரோஜன். 1942இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த 'பிரெமரின்' மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட்டும் சக மருத்துவர்களும் 'முதன்மைச் சினைப்பைப் போதாமை' என்ற சொல்லைப் பயன்படுத்தி, பூப்பெய்தாத இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆல்பிரைட், மெனோபாஸுக்குப் பின் எலும்பு மெலிவதை ஈஸ்ட்ரோஜன் இழப்போடு இணைத்திருந்தார். இளம்வயதில் சினைப்பை ஓய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கான அறிவும் அதற்கான மருந்தும் ஒரே சமயத்தில் கையில் இருந்தன.

ஆனால் பணம் இருந்தது வேறிடத்தில். 1966இல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் வில்சன், பெண் எப்போதும் பெண்மையோடு இருக்கலாம் என்று வாக்களிக்கும் ஒரு நூலை வெளியிட்டார். மெனோபாஸ் ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரோஜன் இல்லாதவள் கணவனுக்குச் சுமை என்பது அதன் சாரம். ஹார்மோன் விளம்பரங்களில் நரை எட்டிப்பார்க்கும் நடுத்தர வர்க்க வெள்ளைப் பெண் சிரித்தாள். அடுத்த ஆண்டு, 1967இல், இளம்பெண்களின் நிலைக்கு ஒரு மருத்துவக் கட்டுரை 'முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பு' என்று பெயர் சூட்டியது. ஐம்பது வயதுக்காரிக்கு 'என்றும் இளமை', முப்பது வயதுக்காரிக்கு 'செயலிழப்பு.' முன்னவள் வாடிக்கையாளர், பின்னவள் மலட்டுத்தன்மைப் பிரிவின் ஒரு கோப்பு.

வில்சனின் வாக்குறுதி 1975இல் முதல் அடி வாங்கியது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுத்தவர்களுக்குக் கருப்பையின் உட்சுவர்ப் புற்றுநோய் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டின. கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்ட்டிரோன் வகை மருந்தைச் சேர்த்தே தரவேண்டும் என்பது அதிலிருந்து வந்த பாடம். பெரிய அடி 2002 ஜூலையில். அமெரிக்க அரசு நடத்திய 'பெண்கள் நல முன்முயற்சி' ஆய்வின் ஒரு பகுதியில் 16,608 பெண்கள் இருந்தார்கள். அதைப் பாதியில் நிறுத்தினார்கள். கூட்டு ஹார்மோன் எடுத்தவர்களிடையே மார்பகப் புற்றுநோய் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு எட்டுப் பேர் வீதம் கூடுதலாக இருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் சற்றுக் கூடுதல். உலகம் முழுவதும் செய்தித்தாள்கள் அலறின. மருத்துவர்கள் சீட்டெழுதுவதை நிறுத்தினார்கள்.

அந்த ஆய்வில் இருந்த பெண்களின் வயது 50 முதல் 79. சராசரி 63.

முப்பத்து நான்கு வயதில் சினைப்பை ஓய்ந்தவள் அதில் ஒருத்திகூட இல்லை. அறுபத்து மூன்றில் ஹார்மோன் எடுப்பது, இயல்பாகவே இல்லாமல் போன ஒன்றைக் கூடுதலாகச் சேர்ப்பது. முப்பத்து நான்கில் எடுப்பது, இருந்திருக்க வேண்டியதை ஈடுசெய்வது. தைராய்டு சுரக்காதவருக்குத் தைராய்டு மாத்திரை கொடுப்பதுபோல. ஆனால் அச்சம் வயது பார்க்கவில்லை. எந்தப் பெண்களுக்காக அந்தச் சிகிச்சை 1896இல் தொடங்கியதோ அவர்களிடமிருந்தே அது பறிக்கப்பட்டது. மறுக்கப்படுவதன் விலை என்ன என்பதும் தெரிந்தே இருந்தது. 1987இல் அமெரிக்கச் செவிலியர் 1,21,700 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு, இரண்டு சினைப்பைகளும் நீக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் எடுக்காதவர்களுக்கு இதயநோய் அபாயம் இரு மடங்குக்கு மேல் என்று காட்டியிருந்தது. 2006இல் மேயோ மருத்துவமனை ஆய்வு, நாற்பத்தைந்துக்கு முன் நீக்கப்பட்டு ஹார்மோன் பெறாதவர்களிடையே இறப்பு விகிதமே கூடுதல் என்றது.

அதே 2002இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். அதை எந்தச் செய்தித்தாளும் முதல் பக்கத்தில் போடவில்லை. சினைப்பை ஓய்ந்த ஐம்பது இளம்பெண்களிடம், நோய் என்னவென்று தெரியவர எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டோர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருத்துவர்களைப் பார்த்திருந்தார்கள். நான்கில் ஒருவருக்கு ஐந்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. "இந்த வயதில் வராது" என்ற பதில் அமெரிக்காவிலும் அதே பதில்தான்.

'செயலிழப்பு' என்ற சொல்லை முதலில் தள்ளியவர்கள் அதைச் சுமந்த பெண்கள். இங்கிலாந்தில் 1995இலேயே அவர்கள் 'டெய்சி நெட்வொர்க்' என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் நெல்சன் 2009இல் ஆல்பிரைட்டின் பழைய 'போதாமை' என்ற சொல்லுக்கே திரும்பலாம் என்று வாதிட்டார். இது வெறும் நாகரிகம் அல்ல, மருத்துவ உண்மையும்கூட. இந்தப் பெண்களின் சினைப்பை ஒரேயடியாக அணைந்துவிடுவதில்லை. மினுக்கி மினுக்கி எரிகிறது. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் கருத்தரிக்கிறார்கள். 'மலடி' என்று முத்திரை குத்தும் ஊரில் இந்த எண்ணுக்குத் தனி மதிப்பு உண்டு. குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு இதன் பொருள் வேறு: கருத்தடையை இன்னும் கைவிட முடியாது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46 என்கிறது இந்திய மெனோபாஸ் சங்கத்தினரின் நாடு தழுவிய கணக்கெடுப்பு. மேற்கத்திய நாடுகளில் அது 51. அப்படியானால் பெரிமெனோபாஸ் நம்மில் பலருக்கு நாற்பதிலோ அதற்குச் சற்று முன்போ தொடங்குவது இயல்பே. நாற்பது, நாற்பத்தைந்து என்ற எல்லைக்கோடுகள் நம் உடல்களைப் பார்த்துப் போடப்பட்டவை அல்ல என்பது என் கருத்து. முப்பத்தெட்டு வயதுக்காரியிடம் "இன்னும் பத்து வருஷம் இருக்கு" என்று சொல்லும் மருத்துவர் வேறொரு நாட்டின் நாட்காட்டியைப் படிக்கிறார்.

கத்தியும் இன்னும் ஓயவில்லை. கருப்பை நீக்கம் பற்றித் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு முதன்முதலாகக் கேட்டதே 2015-16இல்தான். 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு மூவருக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது. ஆந்திரத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு. எடுக்கப்பட்டபோது அவர்களின் நடுவயது 34தான். மூன்றில் இரண்டு பங்கு அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தன. மராட்டிய மாநிலம் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களை அரசுக் குழு 2019இல் கணக்கெடுத்தது. ஏறத்தாழ 82,000 பேரில் 13,000க்கு மேற்பட்டோர் கருப்பை இல்லாதவர்கள். அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் அரிவாள் என்று கணக்கு. மேஸ்திரி முன்பணம் தருவார். விலக்கு வந்து ஒரு நாள் படுத்தால் அபராதம். வயலில் கழிப்பறையும் இல்லை, தண்ணீரும் இல்லை. வெள்ளைப்படுகிறது என்று போனவளிடம் புற்றுநோய் வரும் என்று பயமுறுத்தியவர்களும் உண்டு. அவர்களும் 'சம்மதித்தவர்கள்'தாம்.

கருப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டால் அன்றைக்கே மெனோபாஸ். சினைப்பையை விட்டுவைத்தாலும் அது சில ஆண்டுகள் முன்னதாக ஓய்ந்துவிடுவதுண்டு. கருப்பை இல்லாததால் விலக்கு நின்றது என்ற அடையாளமும் அவளுக்குக் கிடையாது. எலும்பு வலிக்கும்போது, உறக்கம் போகும்போது, அதை வெயிலில் பட்ட பாட்டோடு சேர்த்துக்கொள்கிறாள். ராஜஸ்தான், பிகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் நடந்த தேவையற்ற அறுவைகளை எதிர்த்து மருத்துவர் நரேந்திர குப்தா 2013இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2022இல் சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் பின்பற்றவேண்டும் என்றது. பேட்டியின் நோயாளிகள் பணம் கொடுத்து மருத்துவர் பார்க்க முடிந்த வெள்ளையர்கள். இங்கே மேசையில் கிடத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள். "பெத்து முடிச்சாச்சு, இனி எதுக்கு அது?" என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

மருத்துவமனைக்குப் போகும் இளம்பெண் கையில் வைத்திருக்க வேண்டியவை அதிகமில்லை. ஆறு மாத விலக்குத் தேதிகள் முக்கியம். ஒரு சுழற்சிக்கும் அடுத்ததற்கும் ஏழு நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் அது மாற்றத்தின் தொடக்கமாக இருக்கலாம். அறுபது நாள் இடைவெளி வந்தால் மாற்றம் முற்றிவிட்டது என்று ஐம்பதை ஒட்டியவர்களுக்கு வகுத்த அளவுகோல் சொல்கிறது. நாற்பதுக்குக் கீழே அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நான்கு மாதம் விலக்கு தவறியோ தாறுமாறாகவோ போனால் கருவுற்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தைராய்டு, புரோலாக்டின், எஃப்எஸ்ஹெச் ஆகியவற்றை ரத்தத்தில் பார்க்கவேண்டும். எஃப்எஸ்ஹெச் 25க்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. முன்பு ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை பார்க்கச் சொன்னார்கள், 2024 வழிகாட்டுதல் பெரும்பாலோருக்கு ஒரு முறையே போதும் என்கிறது. இன்னொரு எச்சரிக்கை. விலக்கு தவறினால் 'வரவழைக்க' மாத்திரை தரும் வழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. மாத்திரையால் வரும் உதிரப்போக்கு சினைப்பை நன்றாக வேலை செய்கிறது என்பதற்குச் சான்றல்ல. கருத்தடை மாத்திரையும் அப்படித்தான், அடியில் நடப்பதை மறைத்துவிடும். கருத்தரிப்பு மையங்களில் ஏஎம்ஹெச் குறைவு என்று தெரிந்துகொண்டு, கரு தங்குமா என்ற ஒரே கேள்வியோடு அனுப்பப்படும் பெண்கள் அநேகம். எலும்பையும் இதயத்தையும் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. பேசச் சொல்லிக் கேட்கவேண்டும்.

உறுதியானால், தடை ஏதும் இல்லாதவர்கள் இயல்பான மெனோபாஸ் வயதுவரையாவது ஹார்மோன் எடுப்பதுதான் இன்றைய பரிந்துரை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்கு வேறு வழிகளைப் புற்றுநோய் மருத்துவரோடு சேர்ந்து தேடவேண்டும். எலும்பு அடர்த்திப் பரிசோதனை, கால்சியம், வைட்டமின் டி, உடலின் எடையைக் கால்கள் தாங்கும்படியான நடையும் பயிற்சியும் எல்லோருக்கும் உண்டு. காரணம் பலருக்குப் பிடிபடுவதில்லை. கீமோதெரபி, தன்னுடலைத் தானே தாக்கும் நோய்கள், எக்ஸ் குரோமோசோம் மாற்றங்கள் ஆகியவை தெரிந்த காரணங்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ சித்திக்கோ சீக்கிரம் நின்றதா என்று கேட்டால் சில சமயம் அங்கேயே விடை இருக்கும். வீட்டில் அதைப் பேசியிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

ஏற்கெனவே அறுவை நடந்தவர்கள் முதலில் தேட வேண்டியது டிஸ்சார்ஜ் சம்மரி. கருப்பை மட்டும் எடுத்தார்களா, இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்பது அதில் எழுதியிருக்கும். நம் அம்மாக்களில், அத்தைகளில் பலருக்கு "கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க" என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. இரும்புப் பீரோவில், நகைச் சீட்டுக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவில், ஸ்கேன் படம் வைத்த பெரிய உறைக்குள் அந்தத் தாள் இருக்கும். எடுத்துப் படித்துக் காட்டுங்கள்.